திலகவதி மிஸ்ஸுக்கு நாங்கள் கட்டிய பனர்

செய்தி வந்தபோது நான் தலைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது ஐம்பத்து நாலு. துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை, ஓய்வு நேரத்தில் பத்திரிகைக்குப் பகிடி எழுதுவது பொழுதுபோக்கு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினிக்குப் பின்னால் கண்ணாடியோடு குந்தியிருந்து என் நரையை ஊராரிடமிருந்து காப்பாற்றுவேன். இடப்பக்கம் முடிந்து வலப்பக்கத்தில் கை வைக்கும்போது தொலைபேசி அடித்தது. கிண்ணியா காதர் நானா, திலகவதி மிஸ்ஸால் எனக்குப் பழக்கமானவர்.

"தம்பி, நம்மட மிஸ் மவுத்தாகிட்டாங்க. காலையில ஆஸ்பத்திரியில. நெஞ்சு நோவாம். நீங்க வெளிக்கிடுங்க, நான் பஸ்ஸுக்கு நிக்கிறன்."

பூசியதையும் பூசாததையும் சேர்த்துக் கழுவிவிட்டு ஓடினேன். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமாகச் செத்தவீட்டுக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கக்கூடியவர் உள்ளே பெட்டியில் படுத்திருந்தார்.

திலகவதி மிஸ்ஸைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவியின் பெயரைக் கேட்டால் கள்ளரைத் திருத்துகிறவர் என்று நினைப்பீர்கள். அதையும் செய்தார்தான். ஆனால் அவருடைய காலம் பெரும்பாலும் போனது வேறொரு வேலையில். பிள்ளையை வைத்திருக்க முடியாத தாயிடமும், பிள்ளைக்கு ஏங்கும் வீட்டிடமும், இரண்டுக்கும் நடுவில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடக்கும் பிள்ளையிடமும் அவர் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார். நீதிமன்றத் தாளில் அந்தத் தத்தெடுப்புக்கு மகவேற்பு என்று பெயர். எங்கள் மகள் தனுஜா எங்களிடம் வந்தது அவர் வழியாகத்தான். இந்த வசனத்தை அச்சில் எழுத எனக்கு இருபத்திரண்டு வருடம் எடுத்திருக்கிறது.

மிஸ்ஸின் ஒழுங்கை வாசலில் ஏற்கெனவே நாலைந்து கண்ணீர் அஞ்சலிப் பனர்கள் தொங்கின. ஒன்று அயலவர்கள், ஒன்று கோயில் சபை, ஒன்று ஓய்வுபெற்ற ஊழியர்கள். எல்லாவற்றிலும் 'சமூகப் பணியாளர்', 'பண்பாளர்', 'பரோபகாரி'. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் பெயர் ஒன்றிலும் இல்லை. ஏதோ வெட்கக்கேடான தொழில் பார்த்தவரைப் போல அவரைப் பூவாலேயே மூடிவிட்டிருந்தார்கள்.

காதர் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எல்லாவற்றையும் வாசித்தார். "நாம ஒண்டு போடணும் தம்பி."

"போடுவம் நானா. கீழ ஆர் எண்டு போடுறது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பனர்களைப் பார்த்தேன். எங்கள் ஊரில் பனரின் மேலே இறந்தவரின் படம், கீழே கட்டியவரின் பெயர். எங்கள் பெயரைப் போட்டால், 'இவைக்கும் மிஸ்ஸுக்கும் என்ன தொடர்பு' என்று சந்தியில் நிற்கிற எவரும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் என் வீட்டில் இருந்தது. இருபத்திரண்டு வயது, கம்பசில் இரண்டாம் வருடம்.

தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் என் தயக்கம் விளங்கும். விளங்கியபின் என்னைத் திட்டலாம்.

கலியாணமாகிப் பதினொரு வருடம் பிள்ளை இல்லை. விண்ணப்பம் எழுதினோம். எழுதிய கையோடு நானும் என் மனைவி சுகந்தியும் ஒரு திட்டம் போட்டோம். அவள் வவுனியாவில் தமக்கை வீட்டில் போய் நிற்பது, நான் இங்கே ஒழுங்கை முழுக்க 'அவ முழுகாமல் இருக்கிறா' என்று கதையைப் பரப்புவது, பிறகு பிள்ளையோடு வந்து இறங்குவது. கதை பரப்புவதில் எனக்கு இயல்பாகவே திறமை உண்டு. மூன்று கிழமைக்குள் பக்கத்து வீட்டுப் பவளமக்கா புளியும் ஊறுகாயும் கட்டித் தந்தார், வவுனியாவுக்கு அனுப்பச் சொல்லி. வெட்கமில்லாமல் நானே தின்றேன்.

நாங்கள் மறந்துபோன ஒரு விஷயம், பிள்ளை கொடுப்பதற்கு முன் உத்தியோகத்தர் அயலிலும் விசாரிப்பார் என்பது. ஒருநாள் பின்னேரம் மிஸ் சைக்கிளை எங்கள் வேலியில் சாத்திவிட்டு நேரே பவளமக்கா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். மெலிந்த உருவம், பெரிய மூக்குக் கண்ணாடி, நரையைப் பற்றிக் கவலைப்படாத தலை.

"பக்கத்து வீட்டு அக்கா சொல்லுறா, உங்கட மனுசி ஆறு மாசமாம்."

நான் தேத்தண்ணி போட எழும்பினேன். வாழ்க்கையில் அரிதாக நடக்கிற சங்கதி.

"அப்ப எனக்கு எதுக்கு விண்ணப்பம் தந்தனீங்கள்? ஒண்டை அவ பெறுவா, மற்றதை நான் தரவோ?"

"மிஸ், சனம் கதைக்கும் எண்டு பயந்துதான்..."

"சனம் கதைக்கட்டும். சனத்தின்ர வாய்க்கு நான் பிள்ளை குடுக்கிறேல்லை. களவெடுத்த சாமானைத்தான் ஒளிப்பினம். நீங்கள் களவெடுக்கப் போறியளோ?"

"இல்லை மிஸ்."

"அப்ப மனுசியைக் கூப்பிடுங்கோ. அவ இஞ்ச வந்து, இந்த ஒழுங்கையால, வெறும் வயித்தோட நடக்கவேணும். பிறகு நாங்கள் கதைப்பம்."

சுகந்தி வந்தாள். ஒழுங்கை முழுக்க வேலிக்கு மேலால் பார்த்தது. நடந்துதான் வந்தாள், அழுதுகொண்டு. பவளமக்கா ஊறுகாய்ப் போத்தலைத் திருப்பிக் கேட்டார்.

பல வருடம் கழித்து, எங்களைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். "கணவர் பொய் சொல்லுவார், ஆனால் பிடிபடுவார், ஆகவே பிள்ளைக்கு ஆபத்தில்லை எண்டு எழுதினனான்."

நீதிமன்ற நாள் வந்தது. பெற்ற தாய் நீதவானின் முன்னால் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். தம்பலகாமத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். இருபது வயதுதான் இருக்கும். பெயர் சாந்தி. விறாந்தையின் ஒரு மூலையில் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் மறு மூலையில், எங்களுடைய சட்டத்தரணியின் எழுதுவினைஞருக்குப் பின்னால். அவர் சொன்னார், இரண்டு தரப்பும் சந்திக்காமல் இருப்பதுதான் வழக்கம், பிறகு தொல்லை வராது என்று. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. முகத்தைப் பார்த்துவிட்டால் மறக்க ஏலாது என்று பயம்.

மிஸ் வந்தார். வெறுமையாகக் கிடந்த நீள வாங்கைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். சுகந்தியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாங்கின் ஒரு நுனியில் இருத்தினார். பிறகு சாந்தியை மறு நுனியில் இருத்தினார்.

எழுதுவினைஞர் ஓடி வந்தார். "மிஸ், இது வழக்கமில்லை."

"உங்கட வழக்கத்தை நீங்கள் உள்ளுக்க வச்சிருங்கோ. ஒரு பிள்ளைக்கு ரெண்டு அம்மா. ஒரு வாங்கில இருக்க இடம் காணாதோ?"

 சாந்திதான் முதலில் வாய் திறந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை.

"அக்கா, பிள்ளையை வலப்பக்கமாச் சரிச்சுப் படுத்துங்கோ. இடப்பக்கம் போட்டால் விடிய விடிய அழுவா."

"ஓம்," என்றாள் சுகந்தி. பிறகு, "பால் குடிச்ச உடனேயோ, கொஞ்சம் கழிச்சோ?" என்று கேட்டாள்.

"தோளில போட்டுத் தட்டிப்போட்டு."

இருவரும் இப்படியே காய்ச்சல், தும்மல், தொப்புள் என்று பேசிக்கொண்டு போனார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினேன். தூசி என்று எழுதுவினைஞரிடம் சொன்னேன். அவரும் தூசி என்றார். அந்தப் பெண்ணைப் பற்றி யாராவது 'பிள்ளையை விட்டுட்டுப் போனவ' என்று சொன்னால் மிஸ்ஸுக்குப் பிடிக்காது. "விட்டுட்டுப் போகேல்லை. வந்து, இருந்து, எல்லாம் சொல்லித் தந்து, கையெழுத்துப் போட்டுட்டுப் போனவ. உங்களில எத்தினை பேருக்கு அந்தத் துணிவு இருக்கு?" என்பார்.

எனக்கு இல்லை. பிள்ளை வந்த ஆறாம் மாதம் நாங்கள் வீடு மாறினோம். பவளமக்காவின் ஒழுங்கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டதால், ஒன்றும் தெரியாத ஒழுங்கையாகத் தேடிப் பாலையூற்றுப் பக்கம் போனோம். அங்கே தனுஜா எங்கள் பிள்ளை, அவ்வளவுதான். கனடாவில் இருக்கும் சுகந்தியின் தமையனுக்கும் அவ்வளவுதான் தெரியும். புது விலாசத்தையும் மிஸ் கண்டுபிடித்து வந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருவார், தேத்தண்ணி குடிப்பார், ஒரே கேள்வியைக் கேட்பார். "பிள்ளைக்குச் சொல்லியாச்சோ?"

"வளரட்டும் மிஸ்."

"வளர்ந்த பிறகு சொன்னால் அது செய்தி. இப்ப சொன்னால் கதை. தனக்கு எப்ப தெரிஞ்சது எண்டே அவளுக்கு ஞாபகம் இருக்கக்கூடாது. அவ்வளவு சின்னதில சொல்லுங்கோ."

இப்போது நான் செய்த பெரிய மடைத்தனத்துக்கு வருகிறேன். எங்கள் சனத்திடம் ஒரு பழைய பகிடி உண்டு. பிள்ளை குழப்படி செய்தால், 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது' என்று சீண்டுவது. என் அம்மா எனக்குச் சொன்னார், அவருக்கு அவருடைய அம்மா சொன்னார். தனுஜாவுக்கு நாலு வயது. மிஸ் வந்திருந்தார். ஊரில் யாரோ ஒரு கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, "நானும் அம்மாட வயித்துக்க இருந்தனானோ?" என்று கேட்டாள். என் வாய் என் மூளையைக் கேட்டு வேலை செய்வதில்லை.

"நீயோ? உன்னைத் தவிட்டுக்கெல்லோ வாங்கினது," என்றேன்.

சொல்லி முடித்தபோதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. தனுஜா சிரிக்கவில்லை. மிஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஊரில எல்லாரும் தங்கட பிள்ளைக்குச் சொல்லுற பகிடி. ஓம். அது பொய் எண்டு அந்தப் பிள்ளையளுக்குத் தெரியும். அதுதான் சிரிக்குதுகள். இவளுக்கு எது பொய் எண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லை. உங்களுக்குப் பகிடி விட வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

 குசினி வாசலில் நின்ற சுகந்தி வந்து பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"அப்பா பகிடி விட்டவர். நீ சாந்தி அம்மாட வயித்துக்க இருந்தனீ. அவ உன்னைப் பெத்து எங்களிட்டத் தந்தவ. நாங்கள் கேட்டு, கோர்ட்டுக்குப் போய், கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்."

பிள்ளை யோசித்தது. "அங்க இருட்டோ?"

"இருட்டாத்தான் இருந்திருக்கும்."

"நான் பயந்தனானோ?"

"தெரியாதம்மா. அதை அவவைத்தான் கேக்கவேணும்."

மிஸ் கோப்பையை எடுத்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். அந்தப் பிரச்சினை வீட்டுக்குள் அப்படி முடிந்தது. படலைக்கு வெளியே முடியவில்லை. நான் வழியனுப்பப் போனபோது, "வெளியில சொல்லுறதும் சொல்லாததும் அவளின்ர விருப்பம். வளர்ந்து அவ முடிவெடுக்கட்டும். உங்கட பயத்தை அவளின்ர விருப்பம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ," என்றார். நான் பதினெட்டு வருடம் அதையேதான் செய்தேன்.

மிஸ்ஸின் நாக்கு எங்களிடம் மட்டும் நீளவில்லை. ஒருமுறை செல்வாக்கான ஒரு வர்த்தகர், பெயர் வேண்டாம், மிஸ்ஸின் அலுவலகத்துக்கே போய், நிறமான பிள்ளையாகப் பார்த்து விரைவாகத் தரச் சொன்னாராம். "நீங்கள் தேடுறது பிள்ளை இல்லை, புடவை. கடை முன்னுக்குத்தான் இருக்கு," என்று மிஸ் கையைக் காட்டினாராம். அடுத்த மாதமே மிஸ்ஸுக்குப் புல்மோட்டைப் பக்கம் இடமாற்றம். நாங்கள் சிலர் மனு எழுதுவோம் என்றோம். "எதுக்கு? அங்கயும் பிள்ளையள் பிறக்குதுதானே," என்று பஸ் ஏறிவிட்டார். இரண்டு வருடம் கழித்து இன்னும் கறுத்துத் திரும்பி வந்தார். அந்த வர்த்தகருக்கு அவர் கையால் பிள்ளை கிடைக்கவே இல்லை. இன்னொரு பக்கத்தில், பிள்ளையைத் தர வந்த எத்தனையோ பெண்களுக்கு வேலை தேடிக்கொடுத்து, தாய் தகப்பனோடு சண்டை பிடித்து, பிள்ளையோடேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். "குடுக்கிறதும் என்ர வேலை, குடுக்காமல் பண்ணுறதும் என்ர வேலை."

அவர் கலியாணம் முடிக்கவில்லை. ஆகவே ஊருக்கு ஒரு சந்தேகம், மிஸ்ஸே முந்தி ஒரு பிள்ளையைக் கொடுத்தவராக்கும் என்று. அந்தக் கதையைக் கொண்டுபோய் அவரிடமே கேட்ட மரியாதை கெட்டவன் நான்தான். அவர் கோபிக்கவில்லை. "ஊரில இவ்வளவு பேர் பஸ் ஓட்டுகினம். எல்லாரும் பஸ்ஸுக்க பிறந்தவையோ?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

இனிச் செத்தவீட்டுக்கு வருகிறேன். பந்தலுக்குக் கீழே நான் ஒரு வேடிக்கை கண்டேன். தனித்தனியாக ஏழெட்டுக் குடும்பத்தார், ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"மிஸ்ஸை எப்பிடித் தெரியும்?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"ஒரு அலுவலாச் சந்திச்சனாங்கள்."

"நீங்கள்?"

"தூரத்துச் சொந்தம்."

பொய்யருக்குப் பொய்யர் மணக்கும். அந்த ஒவ்வொரு அலுவலும் பத்து வயதிலும் பதினைந்து வயதிலும் முப்பது வயதிலும் பக்கத்துக் கதிரைகளில் அமர்ந்திருந்தது. மிஸ்ஸின் உடலுக்கு முன்னால் இருந்துகொண்டே நாங்கள் எல்லோரும் ஒளித்துக்கொண்டிருந்தோம்.

காதர் நானாதான் எழும்பினார். "நான் ஒளிக்க ஒண்டுமில்ல. என்ட கூட்டாளி மவுத்தான பொறகு அவன்ட புள்ளைய நான் வளத்தன். புள்ளைக்கு வாப்பாட பேர் அவன்ட பேர்தான், எங்கட மார்க்கத்தில அப்பிடித்தான். மிஸ்தான் எல்லாத் தாளும் செஞ்சு தந்தாங்க. அவங்களுக்கு ஒரு பனர் கட்டப் போறம், நான் பேர் போடுறன். நீங்க போடுறதெண்டா வாங்க, இல்லாட்டி நான் தனியப் போடுறன்."

 பிறகு 'தூரத்துச் சொந்தம்' எழும்பி வந்தார். "எங்கட ரெண்டு பேரையும் போடுங்கோ. பிள்ளையின்ர பேரை அவன்தான் சொல்லவேணும், கேட்டுட்டு வாறன்," என்றார். ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் இல்லை. வராதவர்களை நான் குறை சொல்லப்போவதில்லை, எனக்கு அந்தத் தகுதி கிடையாது.

அச்சுக் கடையில் கணினிக்கு முன் இருந்தவர் எனக்குத் தப்பிக்க வழி காட்டினார். "அண்ணை, கீழ 'நலன்விரும்பிகள்' எண்டு போடுவமே? அதுதான் எல்லாரும் போடுறது." நான் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். அப்போதுதான், செத்தவீட்டுக்கு வந்து என்னை விசாரித்துக்கொண்டு, சுகந்தியும் தனுஜாவும் உள்ளே வந்தார்கள். திரையில் இருந்ததை இருவரும் வாசித்தார்கள். மேலே மிஸ்ஸின் படம். அதன் கீழே நான் எழுதிய வாசகம்: 'எங்கள் பிள்ளைகளை எங்களிடம் சேர்த்தவர். ஒருவரையும் ஒளித்துச் சேர்க்காதவர்.'

"இதைச் சந்தியிலயெல்லோ கட்டப்போறியள்," என்றாள் சுகந்தி மெதுவாக. "நாளைக்கு இவளுக்கு ஒரு சம்பந்தம் பேசேக்க இந்தப் பனர்தான் முதல்ல வந்து நிக்கும். உங்களுக்குப் பகிடி."

"அம்மா, பனரைப் பார்த்துப் பயந்து ஓடுறவரை நான் கலியாணம் முடிச்சு என்ன செய்யிறது? அவரை நாய் பார்த்தாலும் கலைக்கும்."

"உனக்கு விளங்காது."

"விளங்குது. நீங்கள் எனக்கு நாலு வயசில எல்லாம் சொல்லிப்போட்டியள். பிறகு பதினெட்டு வருசம், வெளியில வாயைப் பொத்து எண்டனீங்கள். நான் என்ன பிழை செய்தனான் எண்டு நானே யோசிச்சிருக்கிறன்."

சுகந்தி வாசல் பக்கம் திரும்பி நின்றாள். தனுஜா கடைக்காரரிடம் சொன்னாள்: "அண்ணா, நலன்விரும்பிகளை எடுங்கோ. மூண்டு வரிசை போடுங்கோ. பெற்றவர்கள், வளர்த்தவர்கள், பிள்ளைகள். என்ர பேர் பிள்ளைகளில முதல்ல."

"பெற்றவர்களுக்கு என்ன பேர் தங்கச்சி?"

"இடம் விடுங்கோ. அதை நாங்கள் போடேலாது."

"அம்மாட பேர்?"

தனுஜா தாயைப் பார்த்தாள். சுகந்தி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. வளர்த்தவர்கள் வரிசையில் என் பெயர் தனியாக நின்றது, மனைவி இல்லாதவன் போல.

பின்னேரம் சந்தியில் கட்டினோம். காதர் நானா ஒரு கறுப்பு மார்க்கர் பேனையைக் கயிற்றில் கட்டிப் பனரின் ஓரத்தில் தொங்கவிட்டார். மறுநாள் காலை, தகனத்துக்கு முன், நாங்கள் மூவரும் அங்கே போனோம். விட்டிருந்த வெறும் இடத்தில் எழுத்து இருந்தது. ஒரு முழுப்பெயர், ஊரோடு. ஒரு முதலெழுத்து. அதற்குக் கீழே, பேனையை அழுத்திப் பிடித்த கையெழுத்தில், 'ஒரு அம்மா'. இன்னொரு கையில், 'நானும்'.

எப்போது வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், யாருக்கும் தெரியாது. செத்தவீட்டுச் சனத்துக்குள் நின்றிருப்பார்கள், எங்களைப் பார்த்திருப்பார்கள்.

சுகந்தி ஒவ்வொன்றாக வாசித்தாள். சாந்தி என்ற பெயரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இல்லை. 'ஒரு அம்மா'வின் முன்னால் கனநேரம் நின்றாள். பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்துப் பேனையை எடுத்தாள். வளர்த்தவர்கள் வரிசையில், அச்சில் இருந்த என் பெயருக்குப் பக்கத்தில், தன் பெயரை முழுதாக எழுதினாள். முதலெழுத்தும் போட்டாள். என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது.

எட்டாம் நாள் கனடாவிலிருந்து சுகந்தியின் தமையன் தொலைபேசி எடுத்தார். யாரோ பனரைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"இவ்வளவு காலம் எனக்கே சொல்லேல்லை. இப்ப நடுச் சந்தியில. என்ன கூத்து இது? முதல்ல அதைக் கழட்டச் சொல்லு அவரை."

நான் வாயைத் திறந்தேன். சுகந்தி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"உங்களுக்குச் சொல்லாதது பிழைதான் அண்ணா, அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பனர் கழட்டேலாது. அதில என்ர பேர் இருக்கு."

"சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். தனுஜா இஞ்சதான் நிக்கிறா, அவவோடயும் கதையுங்கோ."

தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். உள்ளே தனுஜா மாமாவுக்கு ஆரம்பத்திலிருந்து கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், என் தவிட்டுப் பகிடி உட்பட.

போய் வாருங்கள், மிஸ். சந்தியில் எங்கள் பெயர்கள் நிற்கின்றன. வெயிலில் வெளிறினால் திரும்ப எழுதுவோம்.